டோக்கன் மேசையில் வலியைச் சொல்வது எப்படி?

எனக்கு ஒன்பது வருடமாக இடுப்பு வலி. காரைக்குடியில் நான் போகும் ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கமானவர். டோக்கன் கொடுக்கும் இடத்தில்தான் மல்லுக்கட்டு. "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க ஆச்சி, உட்காருங்க" என்பாள் அந்தப் பெண். உட்கார்ந்தால்தானே எனக்கு வலியே!

ஒருமுறை கத்திப் பார்த்தேன். எனக்கு அப்புறம் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள், அவ்வளவுதான்.

இப்போது அரைத்தாளில் எழுதிக் கொண்டுபோகிறேன்: எவ்வளவு நேரம் உட்கார முடியும், என்னென்ன மாத்திரை, எந்தத் தேதியில் தீரும். "வலி தாங்கலை" என்றால் காதில் விழாது. "20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது ஆத்தா, வெளியே நடந்துகொண்டிருக்கிறேன், முறை வந்தால் போன் போடுவியா?" என்று கேட்டால் வேலை நடக்கிறது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்விடுங்கள். கடைசி நாள் அவசரத்தில்தான் சண்டை வரும்.

பழைய சிகிச்சை ஆவணங்களைத் தராமல் இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.