வீட்டுக்குள் சக்குலென்ட்: வெயில் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்குலென்ட் (தடித்த இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்துவைக்கும் செடி) வளர்க்கத் தொடங்கியவர்கள் செடியின் படத்தை அனுப்பி, "இது ஏன் இப்படி ஆகிவிட்டது?" என்று என்னிடம் கேட்பது வழக்கம். கேட்கும்போதே தண்ணீர் அதிகமா, குறைவா என்றும் சேர்த்துக் கேட்பார்கள். படத்தைப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு வெளிச்சத்தில் இருக்கும். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் இப்போது இவர்களும் செய்கிறார்கள்.

ஜன்னலே இல்லாத அறையில் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

கண்ணை நம்பி வெளிச்சத்தை அளப்பது

அறை மங்கினால் நம் கண்மணி விரிந்து ஈடுகட்டிவிடும். அதனால் "நல்ல வெளிச்சமான அறை" என்று நாம் சொல்வது செடியின் கணக்கில் இருட்டாக இருக்கலாம். திறந்த வெளியில் உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஜன்னலிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உள்ளே தள்ளிப் போட்ட மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன; துல்லியமாகக் காட்டாவிட்டாலும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடப் போதும். அதுவும் வேண்டாம் என்றால் செடிக்கு மேலே ஓர் அடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு நிழல் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நிழலே விழாத இடத்தில் எச்செவேரியா (ரோஜாப் பூப்போல இலைகள் அடுக்கிய சக்குலென்ட்) வைக்காதீர்கள்.

செடி நீளுவதை வளர்ச்சி என்று மகிழ்வது

"ஒரே மாதத்தில் எவ்வளவு உயரம் பாருங்கள்" என்று பெருமையாகப் படம் அனுப்புவார்கள். எச்செவேரியாவில் இலைகள் தரையோடு நெருங்கி அடுக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு தெரிகிறது, கீழ் இலைகள் தொங்குகின்றன, நிறம் வெளிறுகிறது என்றால் செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுகிறது என்று பொருள். ஒருமுறை நீண்ட தண்டு மறுபடி சுருங்காது. நல்ல வெளிச்சத்துக்கு மாற்றினால் இனி வரும் இலைகள் நெருக்கமாக வரும். பழைய இடைவெளி அப்படியேதான் இருக்கும். பழைய உருவம் வேண்டுமென்றால் தலையை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் உலரவிட்டு நட வேண்டும். அடித்தண்டை எறிந்துவிடாதீர்கள், அதிலிருந்தும் பக்கக் கன்றுகள் வரும்.

நீண்டுபோன செடியை நேராக வெயிலில் வைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். செடியைக் கொல்வது புறக்கணிப்பாக இருந்தால் மனம் ஆறிவிடும். இங்கே அக்கறைதான் கொல்கிறது.

தெரிந்தவர் ஒருவர் புத்தக அலமாரியில் எச்செவேரியா வளர்த்தார். அது நீண்டு வெளிறியது. "வெளிச்சம் போதவில்லை" என்று யாரோ சொன்னார்கள், சொன்னது சரிதான். அவர் அன்றைக்கே தொட்டியை மொட்டைமாடியில், கொளுத்தும் நடுப்பகலில் வைத்துவிட்டார். மாலைக்குள் மேல் இலைகளில் வெளிறிய திட்டுகள் விழுந்தன. இலைகள் சுருங்கியதைப் பார்த்து, தாகம் என்று நினைத்துத் தண்ணீரையும் ஊற்றினார். வெந்துபோன திசு அழுகத் தொடங்கியது. சில நாளில் தண்டு அடிவரை கறுத்துவிட்டது. அலமாரியிலேயே இருந்திருந்தால் அந்தச் செடி இன்னும் பல மாதம் உயிரோடு இருந்திருக்கும்.

இலைக்குள் நடப்பது என்னவென்று தெரிந்தால் இந்த அவசரம் வராது. குறைந்த வெளிச்சத்தில் உருவான இலை, கிடைக்கும் ஒளியைத் துளியும் விடாமல் பிடிக்கும்படி அமைந்திருக்கும். மிகுதியான ஒளியை வெப்பமாக மாற்றி வெளியேற்றும் நிறமிகள் அதில் குறைவு. புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் பொருள்களும் குறைவு. அந்த இலையின் மேல் திடீரென்று உச்சி வெயில் விழுந்தால், பிடித்த ஒளியைச் செலவிட முடியாமல் பச்சையமே சிதைந்துபோகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான சக்குலென்டுகள் நீரைச் சேமிப்பதற்காகப் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்திருப்பவை. மற்றச் செடிகளைப் போல நீராவியை வெளியேற்றித் தம்மைக் குளிர்வித்துக்கொள்ள அவற்றால் முடியாது. தடித்த இலை சூடேறிக்கொண்டே போகும்.

எனவே படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். முதலில் ஜன்னலுக்கு அருகில், வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் சில நாள். அடுத்து இளங்காலை வெயில் ஒரு மணி நேரம். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் மூன்று, நான்கு மணி நேரக் காலை வெயிலைச் செடி தாங்கிக்கொள்ளும். நடுப்பகல் வெயில் வீட்டுச் செடிக்குக் கட்டாயமில்லை. மேக மூட்டமான நாள்களைப் பழக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் முழுக்க மேகமாக இருந்துவிட்டு எட்டாம் நாள் வானம் வெளுத்தால், செடிக்கு அதுதான் முதல் நாள்.

ஜன்னலோரம் வெயிலில் இருந்த செடிதானே என்றும் துணியாதீர்கள். சாதாரணக் கண்ணாடி, புற ஊதாக் கதிரில் ஒரு வகையான புற ஊதா பி-யின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்வதும் வெட்டவெளியில் காய்வதும் ஒன்றல்ல. நாற்றங்காலிலிருந்து புதிதாக வாங்கி வந்தவையும் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்தவையாக இருக்கலாம். "இது வெயில் செடி" என்று விற்றவர் சொன்னாலும் பழக்கியே வெளியில் வையுங்கள்.

இலை வெந்துவிட்டதா? உடனே நிழலுக்கு மாற்றுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். திட்டு பிறகு பழுப்பாகித் தக்கை போல இறுகிவிடும், அது மறையாது. இலை உறுதியாக இருந்தால் பிய்க்க வேண்டாம், மிச்சமிருக்கும் பச்சைப் பகுதி இன்னும் உணவு தயாரிக்கும். கொழகொழத்த இலைகளை மட்டும் நீக்குங்கள்.

எல்லா இனத்தையும் ஒரே ஜன்னலில் அடுக்குவது

எச்செவேரியா, செடம், கிராப்டோபெட்டலம் ஆகியவை வீட்டிலேயே மிகுந்த வெளிச்சமான இடத்தைக் கேட்பவை. ஹவொர்த்தியாக்களில் பல, தம் சொந்த மண்ணான தென்னாப்பிரிக்காவில் புதர்களின் அடியிலும் பாறை நிழலிலும் வளர்பவை. அவற்றுக்கும் கேஸ்டீரியாவுக்கும் வடிகட்டிய வெளிச்சம் போதும். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். மேற்கு ஜன்னலில் பிற்பகல் வெயில் கடுமையானது, மெல்லிய திரை போடுங்கள்.

ஒருமுறை இடம் பார்த்து வைத்தால் போதும் என்பது

பருவத்துக்குப் பருவம் சூரியனின் பாதை மாறும், ஜன்னலில் வெயில் விழும் இடமும் மாறும்.

தொட்டியைத் திருப்பாமல் விடுவது

வாரம் ஒருமுறை கால் சுற்று.

சிவப்பைக் கண்டு பதறுவது

இலை நுனி சிவப்பது நல்ல வெளிச்சத்துக்குச் செடி காட்டும் மறுமொழி. ஆந்தோசயனின் என்னும் நிறமி சேர்வதால் அந்த நிறம் வருகிறது. இலை கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் செடியை அதன் இடத்திலேயே விடுங்கள். நிழலுக்கு இழுத்தால் நிறமும் போகும், தண்டும் நீளும்.

இலைமேல் உள்ள வெண்பொடியைத் துடைப்பது

அது தூசி இல்லை, வெயிலிலிருந்து காக்கும் மெழுகு. துடைத்த இலையில் பழையபடி படியாது.

வெளிச்சம் குறைந்த பின்னும் அதே அளவு தண்ணீர் ஊற்றுவது

வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும், மண் காய்வதும் தாமதமாகும். கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். மண் அடிவரை காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

விளக்கை இரவு முழுக்க எரியவிடுவது

ஜன்னல் வசதி இல்லாதவர்கள் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு வாங்குவது நல்ல முடிவு. அதை 24 மணி நேரமும் எரியவிட்டால் செடி செழிக்கும் என்பது தவறான எண்ணம். பெரும்பாலான சக்குலென்டுகள் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்துப் பகலில் பயன்படுத்துகின்றன. 12 முதல் 14 மணி நேர ஒளி போதும். மீதி நேரம் இருட்டு வேண்டும். புது விளக்கை முதல் வாரம் உயரத்தில் கட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். மிக அருகில் வைத்தால் எல்.இ.டி. ஒளியிலும் இலை வெளுக்கும்.