திராட்சைத் தோட்டத்தில் கரிமம் அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி மாவட்டத்தில் குமுளி மலை இறங்கியதும் கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி எனத் தொடரும் பந்தல்களில், கொடியும் மண்ணும் எவ்வளவு கரிமத்தைச் (கார்பனை) சேமிக்கின்றன என்று அளப்பதற்கு இப்போது இளைஞர்கள் பலர் வருகின்றனர். தராசைச் சமன் செய்யாதது, எண்ணை மாற்றி எழுதியது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்ப்பதால், தாமாகக் கண்ணில் படாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கவாத்துக் குச்சியைச் சேமிப்பாக எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, குளிர்நாட்டுக் கொடிகளைப் போல ஆண்டுக்கு ஒருமுறை இலை உதிர்த்து உறங்குவதில்லை; அறுவடை முடிந்து சிறிது ஓய்வு கொடுத்ததும் கவாத்து செய்வார்கள், அதாவது குச்சிகளை வெட்டிவிடுவார்கள்; கொடி மீண்டும் துளிர்க்கும். ஒவ்வொரு கவாத்திலும் பந்தலுக்கு அடியில் குச்சிகள் குவிகின்றன. எடை போட எளிதாக இருப்பதால் புதியவர்கள் முதலில் அந்தக் குவியலையே எடை போட்டு, ஆண்டுக் கவாத்துகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை ஆண்டுதோறும் கூடும் சேமிப்பாக எழுதிவிடுகிறார்கள்.

சுருளிப்பட்டி அருகே ஒரு குழு இப்படி எடை போட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பெரியவர், "இதுக்கு நாளைக்கே தீ வைக்கப்போறேன் தம்பி, அப்புறம் கணக்குல எங்க இருக்கும்?" என்று கேட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எரித்தால் அந்தக் கரிமம் அன்றே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. துண்டாக்கி மண்ணில் பரப்பினாலும் பெரும்பகுதி மட்கிக் காற்றில் கலக்கிறது; எஞ்சும் சிறுபகுதி மண் ஆய்வில் தெரியும் என்பதால், குச்சியிலும் எழுதினால் ஒரே கரிமம் இருமுறை கணக்கில் ஏறும். இலைக்கும் பழத்துக்கும் இதே விதிதான். ஆண்டுகளைத் தாண்டி நிற்பவை அடித்தண்டு, பந்தலில் படர்ந்த முதிர்ந்த கைகள் (நிலையான கிளைகள்), தடித்த வேர்கள் ஆகியவை மட்டுமே. இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் அவற்றை அளந்து பெறும் வேறுபாடுதான் கொடியின் சேமிப்பு. பழைய கொடியைப் பிடுங்கி விறகாக்கினால் அதையும் கழிக்க வேண்டும்.

இந்தத் தவற்றால் ஊதிப்போன எண்ணைக் காட்டி, கரிமத்துக்குப் பணம் வரும் என்று விவசாயிகளிடம் ஒரு தரப்பினர் சொல்லிச் சென்றதை நான் அறிவேன். சரிபார்ப்பில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. நேர்மையாக அளக்க வருபவர்களுக்கும் அந்தத் தோட்டங்களில் இப்போது கதவு திறப்பதில்லை.

பச்சை எடையிலேயே கணக்கை முடிப்பது

வெட்டிய குச்சியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அடுத்தடுத்த இரு எடைகள் மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். அந்த உலர் எடையிலும் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் கரிமம். பச்சையாக 5 கிலோ இருந்த குவியலில் கரிமம் 1 கிலோவைச் சற்றே தாண்டும்.

கரிமத்தையும் கரியமில வாயுவையும் கலந்து எழுதுவது

12 கிலோ கரிமம் 44 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எதைச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் எழுதுங்கள்.

வெளிநாட்டுச் சூத்திரத்தை அப்படியே பொருத்துவது

தண்டின் சுற்றளவைக் கொண்டு கொடியின் எடையைக் கணிக்கும் அந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் கம்பி வேலியில் குட்டையாக வளர்க்கப்படும் கொடிக்கு உருவானவை. நம் கொடி ஆள் உயரத்துக்கு நேராக ஏறிக் கல்தூண் பந்தலில் படர்வது. வயதான தோட்டத்தைப் பிடுங்கும் நாளில் உடன் நின்று சில கொடிகளை வேரோடு எடை போட்டால் நமக்கேற்ற சூத்திரம் கிடைக்கும்.

மண்ணின் அடர்த்தியை அளக்காமல் விடுவது

ஆய்வகம் தரும் சதவீதம் மட்டும் போதாது. அங்ககக் கரிமம் (மட்கிய தாவர, உயிர்ப்பொருளில் உள்ள கரிமம்) 1 சதவீதம், அடர்த்தி கன செ.மீ.க்கு 1.3 கிராம் என்றால், 30 செ.மீ. ஆழத்தில் எக்டேருக்கு 39 டன். உழுது பொலபொலத்தபின் அடர்த்தி 1.1 ஆனால், அதே ஆழத்தில் 33 டன்தான் தெரியும். மண்ணிலிருந்து எதுவும் போகாமலே 6 டன் காணாமல் போனதாகக் கணக்கு காட்டும். சுண்ணாம்பு கலந்த மண்ணை எரித்துச் சோதித்தால், சுண்ணாம்பில் உள்ள கரிமமும் சேர்ந்துவிடும் என்பதால் அதை முதலில் அமிலத்தால் நீக்கச் சொல்லுங்கள். தொழுவுரம் விழும் கொடியடியில் மட்டும் மண் எடுக்காமல், வரிசைகளுக்கு இடையிலும் தனியாக எடுங்கள்.

அளந்த இடத்தைக் குறிக்காமல் வருவது

தண்டின் சுற்றளவை எடுத்த இடத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். பட்டை உரியும் என்பதால் தரையிலிருந்து அதன் உயரத்தையும் எழுதிவையுங்கள்.