பழங்காட்டிலும் கால்வாய்க் கரையிலும் நடக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன் யூஸ்டனில் ரயிலேறினால் சுமார் முக்கால் மணி நேரத்தில் ட்ரிங் ஸ்டேஷன். ஹாரோவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இன்னும் பக்கம். ஸ்டேஷனிலிருந்து ஒரு பக்கம் சில நிமிடம் நடந்தால் கிராண்ட் யூனியன் கால்வாய். மறுபக்கம் ஒன்றரை கிலோமீட்டர் போனால் ஆல்ட்பரி கிராமம், அதற்கு மேலே மேட்டில் அஷ்ரிட்ஜ் காடு. காடும் கால்வாயும் இவ்வளவு நெருக்கமாக, ரயிலடியிலேயே கிடைக்கும் இடங்கள் அதிகம் இல்லை. லண்டனுக்கு வரும் சொந்தக்காரர்கள் யாரையும் நான் முதலில் கூட்டிப்போவது இங்கேதான்.

வழிகாட்டிக் குறிப்புகளில் இதுபோன்ற நடைகளை ‘எளிது’ என்று போட்டிருப்பார்கள். தூரமும் ஏற்றமும் குறைவு என்பதுதான் அதற்குப் பொருள். தரை காய்ந்திருக்கும், வழியில் டீக்கடை இருக்கும், பூங்காவில் நடப்பதுபோல் நடக்கலாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ட்ரிங் ஸ்டேஷனையே பாருங்கள். பெயரைப் பார்த்து, இறங்கியதும் ஊர் வந்துவிடும், சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்போம். ஊர் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. தண்ணீரும் கட்டுச்சாதமும் வீட்டிலிருந்தே எடுத்து வந்துவிடுங்கள்.

அடுத்து காலணி. இதை நான் பெரிய விஷயமாகச் சொல்கிறேன், காரணம் கால் நனைவது மட்டும் அல்ல. இந்தப் பகுதி சில்டர்ன் குன்றுகளைச் சேர்ந்தது. அடியில் சுண்ணாம்புப் பாறை. மேலே பல இடங்களில் சிக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண் படிந்திருக்கிறது. மழை பெய்தால் அந்தக் களிமண் நாள்கணக்கில் காயாது. சாதாரண ஷூ போட்டு வந்தவர் சேற்றைக் கண்டதும் என்ன செய்வார்? பாதையை விட்டு ஓரமாகச் செடிகள்மேல் கால் வைத்துச் சுற்றிப் போவார். பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார். ஒரு வசந்த காலம் முடிவதற்குள் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு வந்துவிடும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். பழங்காடு என்றால் என்னவென்று தெரிந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. இங்கிலாந்தில் 1600க்கு முன்பிருந்தே இடைவிடாமல் காடாக இருந்துவரும் நிலத்தைத்தான் பழங்காடு என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அந்தக் கணக்கு 1750. பிரிட்டனின் மொத்த நிலத்தில் ஏறக்குறைய 2.5 சதவீதம்தான் இப்படி மிஞ்சியிருக்கிறது. அஷ்ரிட்ஜின் 5,000 ஏக்கரிலும் அங்கங்கே துண்டுகளாகத்தான். அங்கே நிற்கும் மரங்கள் எல்லாம் கிழமரங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. நூற்றாண்டுகளாக வெட்டுவதும் மறுபடி துளிர்க்க விடுவதுமாகப் பராமரித்து வந்த காடுகள் அவை. பழமை இருப்பது மண்ணில். உழாத மண், அதில் வலை பின்னியிருக்கும் பூஞ்சை இழைகள், கிழங்குகள், விதைகள். காட்டு அனிமோன் என்ற வெள்ளைப் பூச்செடி பரவும் வேகம் நூறு ஆண்டுக்கு ஆறடி என்று சொல்வார்கள். புளூபெல் என்ற நீலப் பூச்செடியின் விதை பூவாக ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதன் இலையை மிதித்துவிட்டால் வெயிலை வாங்கிக் கிழங்கில் சேர்த்து வைக்க வழியில்லாமல் செடி நலிந்துபோகும். மீண்டுவரப் பல ஆண்டுகள். மண்ணும் காலடியில் இறுகிப்போகும்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை தரையெல்லாம் நீலமாகக் கிடக்கும். அப்போதுதான் கூட்டமும் வரும், அப்போதுதான் படத்துக்காக ‘இரண்டே அடி’ உள்ளே போவார்கள். தயவுசெய்து போகாதீர்கள். பாதையில் நின்று கேமராவைத் தாழ்த்திப் பிடித்தாலே போதும், பாதை மறைந்து பூ மட்டும் தெரியும். கிழங்கைத் தோண்டி எடுத்து வந்து தோட்டத்தில் வைக்கவும் கூடாது. நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கீழே விழுந்து மக்கும் கட்டைகளையும் அப்படியே விடுங்கள். வண்டுகளுக்கும் பூஞ்சைக்கும் அதுதான் வீடு.

சரி, சேறு வந்தால்? தண்ணீர் புகாத, கணுக்கால் மூடிய ஷூவோடு நடுச்சேற்றில் நேராக நடக்க வேண்டும். காட்டுக்குச் செய்யும் மரியாதை அதுதான்.

இனி கால்வாய். ஆல்ட்பரிக்கு மேலே காட்டின் ஓரத்தில் 1832இல் எழுப்பிய பெரிய தூண் ஒன்று நிற்கிறது. பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் நினைவுச்சின்னம். தன் சுரங்க நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக அவர் வெட்டிய கால்வாய் 1761இல் திறந்தது. அதைப் பார்த்துத்தான் நாடெங்கும் கால்வாய் வெட்டும் வேகம் பிறந்தது. அஷ்ரிட்ஜ் அவருடைய எஸ்டேட். அந்தத் தூணடியில் நின்றுவிட்டுக் கீழே கால்வாய்க்கு இறங்கி வருவதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

கால்வாயை ஒட்டிய பாதை உலாவுவதற்காகப் போட்டதில்லை. சரக்குப் படகைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகள் நடந்த பாதை அது. பழைய பாலங்களின் முனைகளில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். ஒரு குதிரைக்குப் போதுமான அகலம்தான். அதில் நாலு பேர் வரிசையாகக் கைகோத்து, இரண்டு காதிலும் பாட்டு மாட்டிக்கொண்டு போவது ஆபத்து. பாலத்தடியில் பாதை இன்னும் குறுகும், வளைவும் இருக்கும். எதிரே சைக்கிள் வருவது கடைசி நொடியில்தான் தெரியும். நடப்பவருக்கே முன்னுரிமை என்றாலும் மணியோசை காதில் விழ வேண்டுமே. கட்டியிருக்கும் படகுகளில் பல, ஆள்கள் வாழும் வீடுகள். ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள். தரையில் அடித்த முளைகளையும் கயிறுகளையும் பார்த்துக் கால் வையுங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் லாக் அருகே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிதான் லாக். மற்ற இடங்களில் கால்வாய் இடுப்பளவோ கொஞ்சம் கூடவோதான் இருக்கும். லாக்கில் ஆழம் அதிகம், சுவர் செங்குத்து, பாசி வழுக்கும். கதவின் மேல் ஏறிக் கடப்பதையும், கதவைத் தள்ளித் திறக்கும் நீண்ட மரக்கையில் உட்கார்ந்து ஆடுவதையும் பிள்ளைகளுக்குப் பழக்கப்படுத்தாதீர்கள். தண்ணீரைத் திறந்துவிடும் மதகுத் திருகைத் தொடவே வேண்டாம். ட்ரிங் இந்தக் கால்வாயின் மேட்டுப்பகுதி; ஒருமுறை லாக் நிரம்பி வடிய இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். அதை ஈடுகட்டத்தான் மார்ஸ்வொர்த் பக்கம் நீர்த்தேக்கங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு உபயோகமான விஷயம்: ஒவ்வொரு கால்வாய்ப் பாலத்திலும் எண் பலகை உண்டு. கடந்து வந்த பாலத்தின் எண்ணை மனதில் வைத்திருங்கள். யாருக்காவது அடிபட்டு அவசர உதவிக்கு 999ஐ அழைக்க நேர்ந்தால், எங்கே இருக்கிறோம் என்று சொல்ல அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. காட்டுக்குள் போன் சிக்னலை மட்டும் நம்பாமல் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் வைத்திருப்பது நல்லது. பாதைக் கம்பங்களில் மஞ்சள் அம்பு நடப்பவருக்கு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும்.

நேரக் கணக்கும் தப்பும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மரத்தடியில் அதற்கும் முன்பே இருட்டு. சிறுவர்களோடு காட்டில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள்.

வீடு திரும்பியதும் பலர் மறப்பது உண்ணி. அஷ்ரிட்ஜில் மான்கள் நிறைய. புல்லிலும் சருகிலும் காத்திருக்கும் உண்ணி சிலவற்றில் லைம் நோய்க் கிருமி இருக்கும். முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுங்கள், நசுக்க வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள், சில சமயம் மூன்று மாதம் கழித்துக்கூட, கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு வரலாம். நோயைப் பற்றிய விழிப்புணர்வுத் தாள்களில் வெளுத்த தோலில் பளிச்சென்று சிவப்பாகக் காட்டுவார்கள். நம் மாநிறத் தோலில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், காய்ச்சலோ மூட்டு வலியோ அசதியோ வந்தால் எங்கே, என்றைக்கு நடந்தோம் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.