மாஸ்டடான்ல சர்வர் மாறுறது எப்படி

நான் இருந்த குட்டி சர்வர நடத்துனவரு திடீர்னு ஒருநாள் மூடப்போறேன்னு சொல்லிட்டாரு, அப்பதான் இதெல்லாம் கத்துக்கிட்டேன். மாஸ்டடான் ட்விட்டர் மாதிரி ஒரு சோஷியல் மீடியா, 2016ல வந்தது, ஒரே கம்பெனி கையில இல்ல, ஆளாளுக்கு சர்வர் வெச்சிருக்காங்க, அதனால வாடகை வீடு மாதிரி காலி பண்ணிட்டு வேற எடத்துக்குப் போயிடலாம்.

புது சர்வர்ல அக்கவுண்ட் தொறந்ததும் செட்டிங்ஸ்ல பழைய முகவரிய அலியாஸா (அதுவும் என் அக்கவுண்ட்தான்னு சொல்ற இன்னொரு பேரு) போடுங்க, பேரு, அட் குறி, சர்வர் பேரு மூணும் சேர்த்து. இத விட்டுட்டு பழைய அக்கவுண்ட்ல போய் மூவ் குடுத்தா எர்ரர்தான், நான் அரைமணி நேரம் முட்டிக்கிட்டேன். மூவ் பண்ணா ஃபாலோயர்ஸ் தானா வந்துடுவாங்க, வர கொஞ்சம் நேரமாகும். ஆனா போட்ட போஸ்ட் எதுவும் வராது (எனக்கு அது நல்லதுதான்). நீங்க ஃபாலோ பண்றவங்க, பிளாக் பண்ணவங்க லிஸ்ட்ட பழைய சர்வர்லேர்ந்து சிஎஸ்வி ஃபைலா (டேபிள் மாதிரி ஒரு சாதா ஃபைல்) எறக்கி புது சர்வர்ல ஏத்தணும், பழைய சர்வர் மூடுறதுக்குள்ள செஞ்சிடுங்க. அடுத்த 30 நாளைக்கு மறுபடி மாற முடியாது, பாத்து முடிவெடுங்க.

போனதும் ஃபிரெண்டோட பக்கம் காலியா தெரிஞ்சா பயப்படாதீங்க, அவங்க பழைய போஸ்ட் உங்க சர்வருக்கு இன்னும் வந்திருக்காது. போஸ்ட் லிங்க்க உங்க சர்வரோட சர்ச்ல ஒட்டுங்க, வந்துடும், அங்கேயே ரிப்ளை பண்ணலாம்.