இணையக் கருவிகளில் ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியாக வேலை எடுத்துச் செய்யும் வெப் டிசைனருக்கு இன்றைக்குக் கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. வரைய ஃபிக்மாவும் பென்பாட்டும், படங்களுக்கு அன்ஸ்பிளாஷ், எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸ், வேகம் பார்க்க பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பலவற்றுக்குக் காசும் வேண்டாம். ஆனால் நிறுவனத்தில் என்றால் உரிமம் பார்க்க ஒருவர், சர்வர் பார்க்க ஒருவர் இருப்பார். ஃப்ரீலான்ஸருக்கு எல்லாமே அவரேதான். அவர் கவனிக்காமல் விட்டது, வேலை முடிந்து பல மாதம் கழித்து கிளையன்ட் தலையில் போய் விடிகிறது.

இதில் மோசமானது டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, விஷயம். "நீங்களே வாங்கிடுங்க, அப்புறம் பணம் தந்துடுறேன்" என்று கிளையன்ட் சொல்வார். அவசரத்தில் நம் கணக்கிலேயே, நம் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்துவிடுவோம். அப்படிச் செய்தால் பதிவேட்டில் டொமைனுக்கு உரியவர் நாம்தான், கிளையன்ட் அல்ல. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் நமக்குத்தான் வரும். நாம் அதைக் கவனிக்காவிட்டாலோ, கார்டு காலாவதியாகிவிட்டாலோ தளம் ஒருநாள் திடீரென்று நின்றுபோகும். அந்த டொமைனில் ஓடும் மின்னஞ்சலும் சேர்ந்தே நிற்கும். கிளையன்டுக்கு ஏன் என்றே தெரியாது.

டொமைன், தளம் இருக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங், கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல், வருகையைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ், கூடுதல் வசதிக்காகக் காசு கொடுத்து வாங்கிய பிளகின் என எதுவானாலும் கிளையன்ட் பெயரில், அவர் கார்டில், அவர் மின்னஞ்சலில் இருக்கட்டும். நாம் அனுமதி பெற்று உள்ளே போய் வேலை செய்தால் போதும். தனி அனுமதி கொடுக்க வழியில்லாத இடத்தில், பாஸ்வேர்டை சாட்டில் அனுப்பச் சொல்லாமல் பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் வழியாகப் பகிரச் சொல்லுங்கள். பழைய கிளையன்ட் யாருடைய டொமைனாவது இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், அடுத்த புதுப்பிப்பு வருமுன் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். நம்மை நம்பி வந்தவருக்கு நாம் செய்ய வேண்டிய முதல் நியாயம் இது.

அடுத்தது, இலவசம் என்றால் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற நினைப்பு. கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவை திறந்த உரிமம் கொண்டவை, வணிகத் தளத்தில் தாராளமாகப் போடலாம். ஆனால் இலவச எழுத்துரு தரும் வேறு பல தளங்களில் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஓர் ஓரத்தில் எழுதியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவிலும் கணினிக்கான உரிமம் வேறு, இணையதளத்தில் போடுவதற்கான வெப்ஃபான்ட் உரிமம் வேறு. அன்ஸ்பிளாஷ் படங்களை வணிகத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் படத்தில் தெரியும் பிராண்ட் சின்னத்துக்கோ அடையாளம் தெரிகிற மனிதரின் முகத்துக்கோ அந்த உரிமம் அனுமதி தருவதில்லை. யாரோ ஒருவரின் முகத்தை எடுத்து 'எங்கள் வாடிக்கையாளர்' என்று போடுவது அதனால்தான் ஆபத்து. தீம் (தளத்துக்கான ஆயத்த வடிவமைப்பு) விற்கும் தீம்ஃபாரஸ்டில் சாதாரண உரிமத்தில் வாங்கும் தீம் ஒரே ஒரு தளத்துக்குத்தான் செல்லும். விலையுள்ள தீமைத் திருட்டுத்தனமாக இலவசமாகத் தரும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். அவற்றில் தீங்கான நிரல் ஒளிந்திருப்பது சகஜம்.

வேக மதிப்பெண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் பச்சை வட்டத்துக்குள் பெரிய எண்ணைப் பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கிளையன்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த எண், லைட்ஹவுஸ் என்ற கூகுளின் சோதனைக் கருவி ஒருமுறை ஓடிப் பார்த்துச் சொன்னது. உண்மையான பயனர்களின் அனுபவம் அதற்கு மேலே உள்ள பகுதியில் இருக்கிறது, கடந்த 28 நாட்களில் குரோம் பயனர்களிடமிருந்து திரட்டியது. போதுமான வருகை இல்லாத தளத்துக்கு அந்தப் பகுதி காலியாகத்தான் இருக்கும். அங்கே பார்க்க வேண்டியவை மூன்று: முக்கியமான உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தட்டியதற்குப் பதில் 200 மில்லிநொடிக்குள் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது.

மதிப்பெண்ணை ஏற்றப் போய் வேகத்தைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. படங்களுக்கு லேசி லோடிங் (திரையில் வரும் நேரத்தில் மட்டும் படத்தை இறக்குவது) நல்லது என்று படித்துவிட்டு எல்லாப் படத்துக்கும் போட்டுவிடுவார்கள், பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெரிய படத்துக்கும் சேர்த்து. முதலில் வர வேண்டிய படமே தாமதமாகிவிடும். உச்சிப் படத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லாப் படத்துக்கும் அகலம், உயரம் குறித்துவிட்டால் பக்கம் குதிப்பதும் அடங்கும். கேமராவிலிருந்து வந்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றாமல், ஸ்கூஷ் என்ற இணையக் கருவியில் அளவைக் குறைத்து, வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நிறத்திலும் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. நல்ல திரையில் அழகாகத் தெரியும் வெளிர் சாம்பல் எழுத்து, வெயிலில் மொபைலைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. பார்வை மங்கியவருக்கு இன்னும் கஷ்டம். வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பலை வெப்எய்ம் கான்ட்ராஸ்ட் செக்கரில் போட்டுப் பாருங்கள், எழுத்துக்கும் பின்னணிக்குமான வேறுபாட்டு விகிதம் 2.85 என்றுதான் வரும். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும். அதே சாம்பலை 767676 வரை அடர்த்தியாக்கினால் 4.54 வந்துவிடுகிறது. தோற்றத்தில் பெரிய மாற்றம் இருக்காது. இதற்காக எந்த கிளையன்டும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டிசைனில் லோரம் இப்சம் என்ற அர்த்தமற்ற மாதிரி எழுத்தை நிரப்பி ஒப்புதல் வாங்குவதையும் விட்டுவிடலாம். தமிழ்த் தளம் என்றால் கட்டாயம் விட வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் நான்கெழுத்துப் பட்டன் தமிழில் இரண்டு வரியாகலாம். எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லாவிட்டால் பிரவுசர் வேறு எதையோ எடுத்துப் போட்டுக்கொள்ளும். கிளையன்ட் தரும் உண்மையான வாக்கியங்கள் வந்த பிறகே வரையத் தொடங்குங்கள்.

ஒரே கருவியில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் சரியில்லை. ஒருகாலத்தில் டிசைனர்கள் பலரும் பயன்படுத்திய இன்விஷன் என்ற டிசைன் கருவி 2024 இறுதியோடு சேவையை நிறுத்தியது. அடோபி எக்ஸ்டி என்ற இன்னொரு டிசைன் கருவியைத் தனியாக விற்பதை 2023-லேயே நிறுத்திவிட்டார்கள், புதிய வசதிகளும் அதில் வருவதில்லை. ஃபிக்மாவில் வேலை முடிந்ததும் உள்ளூர்ப் பிரதி ஒன்று எடுங்கள். அந்தக் கோப்பு ஃபிக்மாவுக்குள்தான் ஒழுங்காகத் திறக்கும் என்பதால் பிடிஎஃப், எஸ்விஜி வடிவங்களிலும் எடுத்து, கிளையன்டுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். கட்டண ரசீதுகளையும் எழுத்துரு, பட உரிமங்களின் பிரதிகளையும் அதே கோப்புறையில் சேர்த்துவிட்டால், நாளைக்கு வேறொரு டிசைனர் அந்த வேலையை எடுத்தாலும் யாரையும் கேட்காமல் தொடரலாம்.