மாநிலச் சட்டமன்றத்தின் கம்யூனிச எதிர்ப்புத் தீர்மானத்தை வாசிப்பதும் தேடுவதும் எடைபோடுவதும்

அமெரிக்க வரலாறு படிப்பவர்களும் வெளிநாட்டுச் செய்தி எழுதுபவர்களும் அடிக்கடி எதிர்கொள்ளும் ஆவணம் இது. கியூபா, சோவியத் ஒன்றியம், சீனா என ஏதோ ஒரு கம்யூனிஸ்ட் நாட்டால் ஆபத்து, வாஷிங்டன் உடனே செயல்பட வேண்டும் என்று ஒரு மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றும் தீர்மானம். சில மாநிலங்களில் இதன் பெயர் ‘மெமோரியல்’, சிலவற்றில் ‘ஜாயின்ட் மெமோரியல்’, டெக்சாஸ் போன்ற இடங்களில் ‘கன்கரன்ட் ரெசல்யூஷன்’. பெயர் எதுவானாலும் இது மனுதான், சட்டம் இல்லை. அதை மறந்து “ஃபுளோரிடா தடை விதித்தது” என்று எழுதினால் செய்தியே பொய்யாகிவிடும்.

சட்டமே போடாமல் ஏன் மனு போடுகிறார்கள்? வெளியுறவு கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது. மாநிலங்கள் அதில் கைவைத்தபோதெல்லாம் நீதிமன்றங்கள் தடுத்திருக்கின்றன. 1956இல் பென்சில்வேனியா எதிர் நெல்சன் வழக்கில், கூட்டாட்சிக்கு எதிரான தேசத்துரோகத்தைத் தண்டிக்கும் மாநிலச் சட்டத்துக்கு இடமில்லை, அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்கத் தூண்டுவதைத் தண்டிக்கும் 1940இன் கூட்டாட்சிச் சட்டமான ஸ்மித் சட்டம் அந்தப் பரப்பை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இன் செர்னிக் வழக்கில் வீழ்ந்தது ஓரிகானின் வாரிசுரிமைச் சட்டம். கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் வாரிசுக்குச் சொத்துப் போகலாமா என்று முடிவுசெய்ய, மாநில நீதிபதிகள் அந்த நாட்டு அரசையே எடைபோட வேண்டிய நிலையை அது உண்டாக்கியிருந்தது. கியூபாவில் தொழில் செய்யும் நிறுவனங்களோடு தொடர்புள்ள ஒப்பந்ததாரர்களை ஒதுக்கிய ஃபுளோரிடா சட்டத்துக்கும் 2013இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இதே கதிதான். மனுவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கேட்பது மட்டும்தானே!

முதலில் கீழிருந்து வாசியுங்கள்

தீர்மானத்தின் முதல் பாதி முழுக்க ‘வேர்ஆஸ்’ என்று தொடங்கும் பத்திகள் இருக்கும். அதாவது, “இன்னின்ன காரணத்தால்” என்ற முன்னுரைகள். பரபரப்பான வாசகமெல்லாம் அங்கேதான் கிடக்கும், நாளிதழ்கள் மேற்கோள் காட்டுவதும் அதைத்தான். நீங்கள் அதைத் தாண்டி, ‘பி இட் ரிசால்வ்டு’ (“ஆகவே தீர்மானிக்கப்படுகிறது”) என்று தொடங்கும் பகுதிக்குப் போங்கள். உண்மையான கோரிக்கை அங்கே ஓரிரு வாக்கியங்களில் அடங்கிவிடும். அதில் வினைச்சொல்லைப் பிடியுங்கள்: வலியுறுத்துகிறதா, கேட்டுக்கொள்கிறதா, ஆதரவு தெரிவிக்கிறதா, கண்டிக்கிறதா? முன்னுரையில் இடிமுழக்கமும் கோரிக்கையில் “ஆதரவு தெரிவிக்கிறோம்” என்பதும் மட்டுமே இருந்தால், சபை வாஷிங்டனிடம் எதையும் கேட்கவில்லை என்று பொருள்.

முன்னுரையில் சொன்னவை அந்தச் சபையின் நம்பிக்கைகள். விசாரணை நடத்திக் கண்டறிந்த உண்மைகளாக அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. சாட்சிகளை அழைத்து, குறுக்குக் கேள்வி கேட்டு எழுதப்பட்டவை அல்ல அவை. ஒவ்வொன்றையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

தேதி மிக முக்கியம்

கியூபா தொடர்பான 1960களின் தீர்மானங்களில் பலரும் சறுக்கும் இடம் இது. கியூபாவில் இருந்த சோவியத் ஏவுகணைத் தளங்களை அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் படம்பிடித்தது 1962 அக்டோபர் 14 அன்று. அதிபர் கென்னடி அதை மக்களுக்கு அறிவித்தது அக்டோபர் 22 அன்று. அதற்கு முந்தைய தேதியிட்ட தீர்மானம் ‘சோவியத் ஆபத்து’ என்று சொன்னால், அது கண்டுபிடிக்கப்பட்ட அந்தத் தளங்களைக் குறிக்க முடியாது. அது 1961 ஏப்ரலில் அமெரிக்க ஆதரவோடு கியூபா மீது நடந்த பன்றி விரிகுடாப் படையெடுப்பின் தோல்வியையோ, சோவியத் ஆயுதங்கள் வருவதாக அப்போது உலவிய செய்திகளையோ, செனட்டர் கென்னத் கீட்டிங் கியூபாவில் சோவியத் படைகள் இருப்பதாக 1962 ஆகஸ்ட் இறுதியில் எழுப்பிய குற்றச்சாட்டையோ அடிப்படையாகக் கொண்டிருக்கும். பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றிப் படித்தால், வெறும் சந்தேகம் தீர்க்கதரிசனமாகத் தெரியும்.

இன்னொரு பொறி. அக்காலத்தில் பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் வழக்கமான கூட்டம் நடத்தின. ஃபுளோரிடாவில் ஏப்ரலில் தொடங்கி 60 நாள். டெக்சாஸில் இன்றைக்கும் ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில் தொடங்கி 140 நாள். எனவே 1962 இலையுதிர் காலத்து அச்சத்தின் எதிரொலியை 1963இன் ஏடுகளில் தேட வேண்டும். 1962இல் தீர்மானம் எதுவும் இல்லையே, மாநிலங்கள் கவலைப்படவில்லை போலும் என்று முடிவுகட்டுவது தவறு. சபையே கூடாதபோது தீர்மானம் எங்கிருந்து வரும்?

சரியான கதவைத் தட்டியிருக்கிறார்களா?

கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கியூபா மீதான வணிகத் தடையைக் கென்னடி 1962 பிப்ரவரி 3 அன்று பிரகடனமாகவே கொண்டுவந்தார். அன்றைக்கு அதிபருக்கு மனு அனுப்புவதில் அர்த்தம் இருந்தது. 1996இன் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் அந்தத் தடையைச் சட்டத்தில் பதித்துவிட்டதால், அதன் பிறகு முக்கியமான கதவு காங்கிரஸ். பயங்கரவாத ஆதரவு நாடுகளின் பட்டியலோ வெளியுறவு அமைச்சரின் பொறுப்பு. கால்வாயைப் பனாமாவிடம் ஒப்படைக்கும் 1977இன் பனாமா கால்வாய் ஒப்பந்தங்களை எதிர்த்தவர்களுக்கு செனட்தான் களம். மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய அந்த வாக்கெடுப்பில் 1978இல் 68க்கு 32 என்று ஒப்பந்தங்கள் நிறைவேறின.

கதவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நல்ல பாடம். விமானப்படைத் தளத்திலிருந்து சுமார் 12 மைல் தொலைவில் சீன நிறுவனமான ஃபூஃபெங்கின் அமெரிக்கக் கிளை ஏறக்குறைய 370 ஏக்கர் வாங்கியது. 2022இல் ஆளுநர் டக் பர்கம், வெளிநாட்டு முதலீட்டை ஆராயும் கூட்டாட்சிக் குழு விரைந்து பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டார். டிசம்பரில் அந்தக் குழு, இந்தப் பரிவர்த்தனை தன் அதிகார வரம்பில் வராது என்று முடித்துக்கொண்டது. கடைசியில் 2023 ஜனவரியில் வந்த விமானப்படைக் கடிதம்தான் திட்டத்தைச் சாய்த்தது. அடுத்த மாதம் நகர மன்றம் அதைக் கைவிட்டது. பிறகு நிதித்துறை, குழுவின் பார்வைக்கு உட்பட்ட தளங்களின் பட்டியலில் கிராண்ட் ஃபோர்க்ஸையும் சேர்த்தது. “நடவடிக்கை எடுங்கள்” என்று பொதுவாகக் கேட்கும் மனுவைவிட, “இந்தத் தளத்தைப் பட்டியலில் சேருங்கள்” என்று கேட்கும் மனு எத்தனையோ மடங்கு பயனுள்ளது.

தேடுவது எப்படி

மாநிலச் சட்டமன்ற இணையதளத்தில் தீர்மானத்தின் நிலையை முதலில் பாருங்கள். அறிமுகமானதோடு நின்றதா, குழுவில் செத்ததா, ஓர் அவை மட்டும் ஏற்றதா, இரண்டுமா? அறிமுகம் செய்ய ஒரு உறுப்பினர் போதும். அதை ‘மாநிலத்தின் குரல்’ என்று எழுதக் கூடாது. ஆளுநரின் பங்கும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: ஃபுளோரிடா மெமோரியல் ஆளுநரிடம் போவதே இல்லை, அவரால் அதை ரத்து செய்யவும் முடியாது.

அடுத்து அமெரிக்க காங்கிரஸின் நடவடிக்கைப் பதிவேடு (‘கங்கிரஷனல் ரெக்கார்ட்’). செனட்டின் 7ஆம் விதிப்படி, மாநிலச் சட்டமன்றங்களின் மனுக்களை முழுமையாக அச்சிட வேண்டும். பிரதிநிதிகள் சபைப் பகுதியிலோ பெரும்பாலும் தலைப்பும் அனுப்பப்பட்ட குழுவும் மட்டுமே இருக்கும். ஆகவே முழு வாசகம் வேண்டுமானால் செனட் பக்கங்களுக்குப் போங்கள். அண்மைக் காலத்து மனுக்களுக்கு அங்கே ‘பி.ஓ.எம்.’ (‘பெட்டிஷன் ஆர் மெமோரியல்’) என்ற எழுத்துகளோடு எண் கொடுத்திருப்பார்கள். தினசரிப் பதிப்பின் பக்க எண்ணும் பின்னர் கட்டப்பட்ட தொகுதியின் பக்க எண்ணும் வேறுவேறு. எதிலிருந்து எடுத்தீர்கள் என்று குறிக்காவிட்டால் உங்களுக்குப் பின் தேடுபவர் அலைவார்.

எண்ணிக்கை எடுக்கும்போது இரண்டு கவனம் தேவை. ஒரே மனுவை மாநிலத்தின் செனட்டர்கள் தனித்தனியாகச் சமர்ப்பித்து இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கலாம். தீர்மான எண்ணைக் கொண்டு ஒப்பிட்டு ஒன்றை நீக்குங்கள். அரசியலமைப்பைத் திருத்த மாநாடு கூட்டக் கோரும் விண்ணப்பங்களும் அதே பகுதியில் வரும். அவை வேறு வகை: 34 மாநிலங்கள் கேட்டால் காங்கிரஸ் மாநாட்டைக் கூட்டியாக வேண்டும். கம்யூனிச எதிர்ப்பு மனுவை 50 மாநிலங்களும் அனுப்பினாலும் அப்படி ஒரு கட்டாயம் எழாது.

கடைசியாக, உங்கள் குறிப்பில் இவை இருக்கட்டும்: மாநிலம், தீர்மான எண், எந்த அவை எந்தத் தேதியில் ஏற்றது, யாருக்கு அனுப்பியது, கோரிக்கையின் வினைச்சொல், பதிவேட்டில் அச்சான நாளும் பக்கமும், அனுப்பப்பட்ட குழு. குழுவுக்குப் போன பிறகு பெரும்பாலான மனுக்களுக்கு எந்த நடவடிக்கையும் இருப்பதில்லை. அப்படியானால் “பதில் நடவடிக்கை பதிவாகவில்லை” என்று எழுதுங்கள். பின்னாளில் வாஷிங்டன் அதே திசையில் ஏதாவது செய்திருந்தாலும், குழு அறிக்கையிலோ விவாதத்திலோ இந்த மனுவின் பெயர் வராதவரை இரண்டையும் காரணமும் விளைவுமாக முடிச்சுப் போடாதீர்கள்.