மின்கம்பி வராத வீட்டில் கணப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்கம்பி வராத இடத்தில் வீடு கட்டிக் குடியேறுபவர்கள் குளிர்காலம் நெருங்கும்போது கேட்பது ஒரே கேள்வி: "எந்த ஹீட்டர் வாங்கலாம்?" வீட்டுக் கணப்பு வேலைக்குப் புதிதாக வந்தபோது நாங்கள் எல்லாரும் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். அடுப்பை ஒட்டித் துணி உலர்த்தாதீர்கள், சூடான சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்டரியிலிருந்து வெப்பம்

1,500 வாட் மின் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட் செலவாகும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றில் இருப்பது 2.4 யூனிட். பேட்டரி சீக்கிரம் சாகக் கூடாது என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆக, ஓர் இரவுக்குப் பத்து பேட்டரிகள். மறுநாளே அவ்வளவும் நிரம்ப வேண்டும். அதுவும் பகல் குறுகி, மேகம் கவிந்து கிடக்கும் மாதத்தில்.

வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் என்பது மிதமான குளிருக்கு உண்மை. வெளியே குளிர் ஏற ஏற அந்த மடங்கு இறங்கிக்கொண்டே போகும். குளிர்காலத்திலும் வெயில் மிஞ்சுகிற இடம், நல்ல வெப்பக்காப்பு உள்ள வீடு, இரண்டும் அமைந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

"பெரிதாகவே வாங்கிவிடலாம்"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று ஒருவரும் கணக்கிடுவதில்லை. கடைக்காரர் அறைகளை எண்ணுகிறார், வாங்குபவர் குளிரை நினைத்துப் பயப்படுகிறார், இரண்டு பேரும் சேர்ந்து இருப்பதிலேயே பெரிய விறகுக் கணப்பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

ஒரு தம்பதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். தரைப்பரப்பு 80 சதுர மீட்டர். 14 கிலோவாட் கணப்பு நிறுவியிருந்தார்கள். வெளியே தரை உறைந்து கிடக்க, உள்ளே சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூடு தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கணப்பின் காற்று வழியை அடைத்துவிடுவோம், விறகு மிச்சமாகும்" என்றார்கள்.

மிச்சமாகவில்லை. விறகின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வாயுவாக வெளிவந்துதான் எரிகிறது. காற்றை அடைத்தால் அந்த வாயு எரியாமலேயே புகைபோக்கியில் ஏறிப்போகிறது. போகும் வழியில் குளிர்ந்து, உட்சுவரில் தாராகப் படிகிறது. அவர்களுடைய புகைபோக்கிக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது கறுப்புக் கண்ணாடி பூசியதுபோல மின்னியது. அது சாதாரணப் புகைக்கரி அல்ல, தூரிகை போட்டால் பெயராது. உடனே ஆள் வைத்து எடுக்கச் சொன்னேன். குளிர்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். ஒரு நாள் கணப்பைச் சற்று வேகமாக எரியவிட்டபோது அந்தத் தார் பற்றிக்கொண்டது. ஆட்கள் தப்பினார்கள், புகைபோக்கியை ஒட்டியிருந்த கூரைச் சட்டங்கள் கருகிவிட்டன. புகைபோக்கி, கூரை, புதுக் கணப்பு என்று எல்லாவற்றுக்கும் மறுபடி செலவு செய்தார்கள்.

இதைத் தவிர்க்க அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தாளும் பென்சிலும்தான். உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கூரையில் வெப்பக்காப்பு இல்லை. அப்படிப்பட்ட கூரை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 3 வாட் இழக்கும். 80 × 3 × 20 என்றால் 4,800 வாட். வீட்டின் கொள்ளளவு 200 கன மீட்டர். இடுக்குகள் வழியே மணிக்கு ஒரு முறை மொத்தக் காற்றும் மாறுகிறது என்றால் 200 × 0.33 × 20 (ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட்-மணி வேண்டும்), அதாவது 1,300 வாட்டுக்குச் சற்று மேல். சுவர், சன்னல், தரை வழியாக இன்னும் ஓர் இரண்டு கிலோவாட் போகும். மொத்தம் எட்டு கிலோவாட். இவ்வளவு ஓட்டையான வீட்டுக்கே 14 கிலோவாட் தேவையில்லை.

இப்போது கூரைக்கு மேல் 100 மில்லிமீட்டர் கனிமக் கம்பளி (கல் அல்லது கண்ணாடி இழையாலான வெப்பக்காப்பு) விரித்தால் அந்த 4,800 வாட் 600 வாட்டாகச் சுருங்கிவிடும். கதவு, சன்னல் இடுக்குகளை அடைத்தால் காற்றுவழி இழப்பும் பாதியாகும். எட்டு கிலோவாட் கேட்ட வீடு இப்போது மூன்றரைக்குள் அடங்கும். சிறிய கணப்பு போதும், அதையும் நன்றாகக் காற்றுவிட்டு, சுடர் தெரிய எரிக்கலாம். வெட்டிச் சுமக்க வேண்டிய விறகும் அந்த அளவுக்குக் குறையும். முதலில் கம்பளி, பிறகு கணப்பு என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். கணப்பை வாங்கிய பிறகு காப்புப் போட்டால், சரியாக இருந்த கணப்பும் பெரிதாகிவிடும்.

இராமுழுவதும் சூடு வேண்டும் என்பவர்கள் பெரிய கணப்பைத் தேடாமல், எடை மிகுந்த செங்கல் கணப்பைப் பாருங்கள். ஓரிரண்டு மணி நேரம் கொழுந்துவிட்டு எரியவிட்டால், செங்கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு அரை நாளுக்கும் மேலாக மெதுவாக வெளிவிடும். அதன் எடையைத் தாங்க அடித்தளம் வேண்டும், ஆகவே வீடு கட்டும்போதே தீர்மானிக்க வேண்டும்.

ஈர விறகு

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் போலத் தரும். பச்சை விறகு அதில் பாதிதான், கூடவே புகைபோக்கியில் தாரும் சேர்க்கும். பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட விடுங்கள். ஓராண்டாவது காய வேண்டும். கடின மரத்துக்கு இரண்டு. ஈரமானி வைத்திருப்பவர்களில் பலர் கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம்.

மின்சாரம் கேட்கும் விறகுக் கணப்பு

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிக்கும் பெல்லட் கணப்புக்கு விசிறியும் ஊட்டும் மோட்டாரும் உண்டு. நூறு வாட் என்று வைத்தாலும் ஒரு நாளில் 2.4 யூனிட். சிறிய சோலார் அமைப்பின் குளிர்கால உற்பத்தியை இதுவே தின்றுவிடும். விறகால் தண்ணீரைச் சூடாக்கி பம்பு மூலம் குழாய்களில் ஓட்டும் கொதிகலன் இன்னும் கவலை தருவது. மின்சாரம் போனால் பம்பு நின்றுவிடும், ஆனால் நெருப்பு நிற்காது. பம்பு இல்லாமலே சூட்டால் தண்ணீர் சுழலும்படி ஒரு சுற்று, அழுத்தம் விடும் வால்வு, இந்த இரண்டும் இல்லாத கொதிகலனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

வெளிச்சுவரில் புகைபோக்கி

வேண்டாம். குளிர்ந்த குழாயில் புகையை மேலே இழுக்கும் விசை குறைந்துவிடும்.

பியூட்டேன் சிலிண்டர்

0 டிகிரிக்கு அருகில் அது வாயுவாக மாறுவதே நின்றுவிடும். குளிர் இடங்களுக்கு புரோப்பேன்.

கொட்டகையில் லித்தியம் பேட்டரி

0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். சூடுள்ள இடத்தில் வையுங்கள்.

காற்று

இடுக்குகளை எல்லாம் அடைத்த பிறகு நெருப்புக்குக் காற்று எங்கிருந்து வரும்? இதை மறந்துவிட்டுக் காப்புப் போடச் சொல்பவர்களும் தவறு செய்கிறார்கள். வெளிக்காற்றை நேராகக் கணப்புக்குள் கொண்டுவரும் குழாயுடன் வரும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். புகைக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டரைப் படுக்கையறையில் வைக்கவே கூடாது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி அறைக்குள் சேரும். சுவரில் பூஞ்சை பூக்கும். நெருப்பு சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறியும் அலாரம் இல்லாமல் எந்த நெருப்பையும் வீட்டுக்குள் மூட்டாதீர்கள்.

குளிர் தொடங்கும் முன்பே ஒரு சோதனை செய்து பாருங்கள். கதவு, சன்னல்களைச் சாத்தி, கணப்பை மூட்டி, சமையலறையின் புகை வெளியேற்றும் விசிறியைப் போடுங்கள். கணப்பின் கதவைத் திறக்கும்போது புகை அறைக்குள் திரும்பினால், வீட்டுக்குள் போதிய காற்று வரவில்லை. விசிறியை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறங்கள்; வெளிக்காற்றுக் குழாய் போடும்வரை அந்தக் கணப்பை மூட்ட வேண்டாம்.